ஆறு பாலாடை

புதூர்நாடு,
23-11-1961

அன்புள்ள காந்தாவுக்கு,

இங்கே நானும் பாப்பாவும் சுகம். அவரைப் பற்றி ஒரு வார்த்தையில் எழுத முடியாது, அதனால்தான் இவ்வளவு நீளக் கடிதம். கல்கத்தாவில் குளிர் தொடங்கிவிட்டதா? உன் வீட்டுக்காரருக்குக் கம்பெனியில் உயர்வு வந்தது ரொம்ப சந்தோஷம்.

நான் கேட்டதை மறுபேச்சில்லாமல் எழுதி அனுப்பினாயே, முதலில் அதற்கு நன்றி. நாலு வருஷம் விடுதியில் ஒரே அறையில் இருந்தவள், கைக்குழந்தைக்காரி, திடீரென்று ‘உங்கள் வீட்டு விருந்தில் விஸ்கியை எப்படிக் கலந்து கொடுப்பார்கள், பக்குவத்தோடு எழுது’ என்று கேட்டால் வேறு யாராக இருந்தாலும் என் அப்பாவுக்குத் தந்தி அடித்திருப்பார்கள். நீ சமையல் குறிப்பு மாதிரி ஒன்றரைப் பக்கம் எழுதிவிட்டு அடியில் ‘எதற்குடி?’ என்று மட்டும் கேட்டிருக்கிறாய். சொல்கிறேன்.

அவர் மலைச்சாலை வேலையில் ஓவர்சீயர் என்பது உனக்குத் தெரியும். போன சித்திரையில் பாறைக்கு வெடி வைத்தபோது சடையன் என்ற கூலிக்காரர் கல் விழுந்து இறந்துபோனார். அதை அப்போதே எழுதினேன். அதற்கப்புறம் நடந்ததை எழுதவில்லை. மதுவிலக்கு நம் சீமை முழுக்க இருக்கிறது, இங்கும் இருக்கிறது. ஆனாலும் ஓடைக்கு அந்தப் பக்கம் காய்ச்சுகிறார்கள். முதலில் சனிக்கிழமை மட்டும் போனார். பிறகு எல்லாக் கிழமையும் சனிக்கிழமை ஆகிவிட்டது. அடிக்கிறார், திட்டுகிறார் என்றெல்லாம் நினைக்காதே. வந்து படுத்துக்கொள்வார், எழுப்பினால் எழுந்திருக்க மாட்டார். அவ்வளவுதான். அவ்வளவுதானே என்று நானும் ஆறு மாதம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஐப்பசியில் ஒரு சாயங்காலம் பாப்பாவை அவரிடம் விட்டுவிட்டுத் தண்ணீருக்குப் போனேன். கால்மணி நேரம்கூட இருக்காது. திரும்பி வந்தால் அவர் பாயில் கிடக்கிறார். பாப்பா தவழ்ந்து போய் அடுப்படியில் உட்கார்ந்து வீறிடுகிறாள். குதிகாலில் கொப்புளம். அந்தக் கத்தலுக்கும் அவர் அசையவில்லை. மறுநாள் அந்தக் காலைக் கையில் வைத்துக்கொண்டு அழுதார். சாயங்காலம் மறுபடி ஓடையைத் தாண்டினார்.

எப்படியோ கண்ணமங்கலத்தில் அப்பா காதுக்குப் போய்விட்டது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடு, படித்த பெண்ணுக்குச் சோறு போட எனக்குத் தெம்பு இருக்கிறது என்று எழுதியிருக்கிறார். வரமாட்டேன் என்று நான் எழுதவில்லை. தை மாதம் வரை பொறுங்கள் என்று எழுதினேன்.

ஏன் தை என்றால், இங்கே புதிதாகப் பள்ளிக்கூடம் வருகிறது. தை பதினொன்றாம் தேதி வேலூரில் வாத்தியார் வேலைக்கு நேர்முகம். மலை இறங்கிப் போய்த் திரும்ப இரண்டு பகல், ஓர் இரவு ஆகும். ஆனி மாதம் வேறோர் ஊரில் ஒரு தனியார் பள்ளிக்குப் பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு போனேன் அல்லவா? என் சான்றிதழைக்கூடப் பிரிக்கவில்லை. முதலில் இதை வளர்த்துவிட்டு வாருங்கள் அம்மா என்று சிரித்தார்கள். இந்தத் தடவை இரண்டு கையையும் வீசிக்கொண்டுதான் போவேன்.

பாப்பாவை எங்கே விடுவாய் என்று கேட்பாய். சின்னக்குழந்தை என்று ஒரு மலைக்காரப் பெண் வீட்டு வேலைக்கு வருகிறாள். பெயரைப் பார்த்து ஏமாறாதே, நம்மைவிட நாலு வயசு பெரியவள், மூன்று பிள்ளைக்காரி. அவளிடம் விடலாம். எனக்கு அது வேண்டாம் காந்தா. பெற்ற தகப்பனிடம் ஓர் இரவு விட்டுவிட்டுப் போக முடியாத பிள்ளையோடு நான் எதற்கு இந்த வீட்டில் இருக்க வேண்டும்? விட்டுப்போக முடிந்தால் இந்த மலையில் இருப்பேன். முடியாவிட்டால் அப்பா வீடு. இதை அவரிடமும் சொல்லிவிட்டேன். தலையை ஆட்டினார். தலை ஆட்டுவது அவருக்குச் சுலபம்.

இப்போது விஸ்கிக்கு வருகிறேன். மலையில் கல்லும் மண்ணும் பரிசோதிக்க ஒரு வெள்ளைக்கார என்ஜினியர் எங்கள் பக்கத்தில் முகாம் போட்டிருந்தார். அவருக்குப் பர்மிட் உண்டு. காய்ச்சல் வந்து ஊருக்குத் திரும்பும்போது, உதவியாக இருந்ததற்காக ஆறு பாட்டிலை இவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். எங்களிடம் பர்மிட் கிடையாது. பிடித்தால் இவர் வேலையும் போகும், மானமும் போகும். கொட்டிவிடலாம் என்றுதான் முதலில் கையை ஓங்கினேன். கொட்டினால் என்ன ஆகும்? ஓடையைத் தாண்டுவார். அந்தச் சரக்கைக் குடித்து மேல் ஊரில் ஒருவருக்குக் கண் போய்விட்டது.

அதனால் நானே கலந்து கொடுக்கப்போகிறேன். ஒருநாள் அவர் எவ்வளவு குடிக்கிறார் என்று பார்த்து, அதே அளவு தண்ணீரைப் பாலாடையில் அளந்தேன். பாப்பாவுக்குப் பால் புகட்டச் சீராக வந்த இரண்டு பாலாடையில் பித்தளையை இதற்கென்று ஒதுக்கிவிட்டேன். ஆறு பாலாடை வந்தது. வாரத்துக்கு ஒன்று குறைத்தால் மார்கழி முடிவதற்குள் ஒன்றுமில்லாமல் செய்துவிடலாம். குறைவது நாக்குக்குத் தெரியக் கூடாது. அதற்குத்தான் நீ எழுதிய கசப்பும் இனிப்பும் நுரையும். நாளை சாயங்காலம் ஆரம்பம்.

பைத்தியம் என்று தோன்றினால் உடனே எழுது. எழுதினாலும் செய்யத்தான் போகிறேன்.

உன்,
செந்தாமரை


புதூர்நாடு,
27-12-1961

அன்புள்ள காந்தாவுக்கு,

உன் கடிதமும் பாப்பாவுக்கு அனுப்பிய கம்பளிக் குல்லாவும் சேர்ந்தே வந்தன. குல்லா போட்டால் உன் மாமியார் மாதிரி இருக்கிறாள். கீழ்வரிசையில் இரண்டு பல் வந்துவிட்டது. இங்கே காலையில் பனி, பத்து மணி வரை எதிரே இருக்கிற பலாமரம் தெரிவதில்லை.

பைத்தியம் என்று நீ எழுதவில்லை. ‘கசப்புக்கு என்ன செய்தாய்?’ என்றுதான் கேட்டிருக்கிறாய். அதனால்தான் நீ என் சிநேகிதி.

நீ எழுதியபடி கல்கத்தாவில் சின்னச் சீசாவில் கசப்புத் துளி கிடைக்கிறது, இங்கே அதற்கு நான் எங்கே போவேன்? போன கடிதம் எழுதுவதற்கு முன்பே இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் பாப்பாவுக்கு உரை மருந்து உரசிக்கொண்டிருக்கும்போது கை நின்றுவிட்டது. வசம்பு, சுக்கு, ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய் என்று நீ சொன்ன கசப்பும் உறைப்பும் வாசனையும் எல்லாம் அந்தக் கல்லிலேயே இருக்கிறது. கல்லைக் கழுவிவிட்டு அவருக்கும் உரசினேன். பாப்பாவுக்கு ஒரு சுற்று, பாப்பாவின் அப்பாவுக்கு ஐந்து சுற்று. நாரத்தங்காய்த் தோலை ஊசி மாதிரி நறுக்கி மலைத்தேனில் ஊறப்போட்டேன், அது இனிப்பு. நுரைக்குக் கோலி சோடா. ஐஸுக்குப் பதில் பானைக்குக் கீழே ஈர மணலில் சோடாவைப் புதைத்துவைத்தேன்.

செய்முறை இதுதான். கண்ணாடித் தம்ளரில் தேன் ஒரு கரண்டி, அதில் உரசிய மருந்தைக் குழைக்க வேண்டும். பிறகு விஸ்கி. தோலைத் தம்ளருக்கு மேலே பிழிந்தால் எண்ணெய் தெறிக்கும், அதுதான் வாசனை. கடைசியில் சோடாவைப் பக்கவாட்டில் சாய்த்து மெதுவாக விடவேண்டும், நேராகக் கொட்டினால் நுரை எல்லாம் தரையில். விஸ்கி இல்லாமல் நான் ஒருநாள் குடித்துப் பார்த்தேன். முதலில் தித்திப்பு, தொண்டையில் கசப்பு, அப்புறம் மூக்கில் ஒரு குறுகுறுப்பு. நன்றாகத்தான் இருக்கிறது, மறைப்பானேன்.

சின்னக்குழந்தை ஒருநாள் இதைப் பார்த்துவிட்டாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்று, ‘இன்னாம்மா இது, புள்ளைக்கு ஒரசற கல்லுல சாராயத்துக்கு ஒரசறியே, ஒம் வூட்டுக்காரு இன்னா தொட்டில்லயா படுத்துக்கீறாரு?’ என்று கேட்டாள். சிரித்து முடிக்க எங்களுக்கு ரொம்ப நேரம் ஆயிற்று. சித்திரைக்கு அப்புறம் இந்த வீட்டில் நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். விஷயத்தை அவளிடம் சொன்னேன். வெளியே விடமாட்டாள். திருப்பத்தூரிலிருந்து சாமான் லாரி ஓட்டிவரும் பாஷா பாய்தான் வாரம் இரண்டு பெட்டி சோடா இறக்கிவிட்டு, அம்மாவுக்கு இவ்வளவு வாயுத் தொல்லையா, ஓமம் சாப்பிடுங்க என்று கவலைப்படுகிறார்.

முதல் நாள் தம்ளரை நீட்டியபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. தம்ளரைப் பார்த்தார். இதென்ன என்று கேட்டார். கல்கத்தாவில் காந்தா வீட்டில் பெரிய மனிதர்கள் குடிப்பது, கண்ட இடத்தில் போய்க் குடிப்பதைவிட வீட்டில் உட்கார்ந்து மனிதர் மாதிரி குடியுங்கள் என்றேன். ஒரு மடக்கு குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். இரண்டாவது மடக்குக்குச் சுளிக்கவில்லை. அன்றைக்கு ஓடையைத் தாண்டவில்லை. ஆறு, ஐந்து, நாலு. மூன்று வாரம் அப்படியே போயிற்று. நாலாம் வாரம் தூங்கும்போது ஒருதரம் பாப்பா அழுததற்குத் திரும்பிப் படுத்தார். திரும்பினார் என்பதே எனக்குப் பெரிசு.

அங்கேதான் நான் தப்புச் செய்தேன். மூன்று பாலாடைக்கு இறங்கும்போது ருசி தட்டையாகிவிட்டது. கசப்பைக் கூட்டினால் தெரியாது என்று கடுக்காயை மட்டும் பத்துப் பன்னிரண்டு சுற்று சேர்த்து உரசினேன். பி.டி. படித்தேன், கடுக்காய் எதற்குக் கொடுப்பார்கள் என்பதை மறந்துவிட்டேன். நாலு நாள் கழித்து மனிதர் விடியும்வரை செம்போடு வெளியே போவதும் வருவதுமாக இருந்தார். மறுநாளும் அதேதான். கண் உள்ளே போய்விட்டது. விஸ்கியே கெட்டுப்போயிருக்குமோ, நானே விஷம் வைத்துவிட்டேனோ என்று எனக்கு நடுக்கம். அவரோ மலைத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று தண்ணீர்ப் பானையைத் திட்டிக்கொண்டிருந்தார். சின்னக்குழந்தை வந்து கல்லைப் பார்த்தாள், தேய்ந்துபோன கடுக்காயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மாட்டுக்குக்கூட இவ்வளவு கொடுக்க மாட்டார்களாம்.

மோரும் கஞ்சியும் கொடுத்து எழுந்து உட்கார்ந்த பிறகு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஆறிலிருந்து மூன்றுக்கு வந்ததையும் சொன்னேன். கோபம் வரும் என்று பாப்பாவை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டேதான் சொன்னேன், காந்தா. அவர் அதைக் கவனித்துவிட்டார். நான் சொன்னது எதையும்விட அதுதான் அவருக்கு உறைத்தது என்று நினைக்கிறேன். பிறகு கல்லை இங்கே கொடு என்றார்.

அன்றிலிருந்து அவரே உரசுகிறார். வெள்ளைக்காரன் பாட்டிலைத் திறந்து அவரே பாலாடையில் அளந்து, என்னிடம் காட்டிவிட்டு ஊற்றுகிறார். வசம்பு கல்லைவிட்டு வழுக்குகிறது. எல்லாம் உரசி, தேனில் குழைத்து, தோலைப் பிழிந்து, சோடா உடைத்து முடிக்க முக்கால் மணி ஆகிறது. ஓடைக்குப் போகிற நேரம் அதிலேயே கழிந்துவிடுகிறது. நேற்று உரசிக்கொண்டிருக்கும்போது, தலை நிமிராமல், ‘நான்தான் அவனை அங்க நிக்கச் சொன்னேன்’ என்றார். சடையனைத்தான். எட்டு மாதத்தில் முதல் தடவையாக அந்த விஷயத்தைப் பேசினார். பக்கத்தில் உட்கார்ந்து ஜாதிக்காயை எடுத்துக் கொடுத்தேன்.

இப்போது இரண்டு பாலாடையில் நிற்கிறோம். பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். தண்ணீருக்குப் போகும்போது இன்னும் பாப்பாவைத் தூக்கிக்கொண்டுதான் போகிறேன். ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் குடம். அவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார், கொடு என்று கேட்பதில்லை. நானும் கொடுப்பதில்லை.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். இருமலுக்குக் கல்கத்தாவில் நல்ல டாக்டரைப் பார். உரை மருந்து உரசிக் கொடுக்க நான் பக்கத்தில் இல்லை.

உன்,
செந்தாமரை


வேலூர்,
24-1-1962, இரவு

அன்புள்ள காந்தாவுக்கு,

கடிதத்தின் மேலே ஊர் பெயரைப் பார்த்திருப்பாய். ஆமாம், வந்துவிட்டேன். தனியாகத்தான் வந்தேன். எனக்குப் பள்ளியில் கணக்கு எடுத்த கெங்கம்மாள் டீச்சர் வீட்டு மாடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். டீச்சர் எட்டரைக்கே விளக்கை அணைக்கிறவர், எனக்காக ஒரு அரிக்கேன் கொடுத்திருக்கிறார்.

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். மார்கழி இருபதுக்கு மேல் அந்தத் தம்ளரில் விஸ்கி கிடையாது. தேன், மருந்து, தோல், சோடா, அவ்வளவுதான். ஐந்து பாட்டில் காலி, ஆறாவது முத்திரை உடையாமல் பரணில் இருந்தது. முதல் மூன்று நாள் அவருக்கு வேர்த்துக் கொட்டியது, சோறு இறங்கவில்லை. என்மேலும் பாப்பாமேலும் எரிந்து விழுந்துவிட்டு, பிறகு வெளியே போய்த் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்வார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சோறு கேட்டார்.

எல்லாம் நேராகப் போயிற்று என்று நினைக்காதே. பொங்கலன்று சாலை வேலைக்காரர்கள் கூப்பிட்டார்கள் என்று போனவர் ஓடையைத் தாண்டிவிட்டார். பெட்டியை எடுத்து என் புடவைகளையும் பாப்பா துணிகளையும் அடுக்கினேன். விடிந்து கதவைத் திறந்தால் மனிதர் மாட்டுக்கொட்டகையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ராத்திரியே வந்துவிட்டாராம். அந்த நிலைமையில் பிள்ளை இருக்கிற வீட்டுக்குள் வரக்கூடாது என்று அங்கேயே இருந்துவிட்டாராம். உள்ளே வந்து திறந்திருந்த பெட்டியைப் பார்த்தார். நேர்முகம் எத்தனாம் தேதி என்று மட்டும் கேட்டார். பதினொன்று என்றேன். இன்னும் ஒன்பது நாள் இருக்கு என்றார்.

அதற்கப்புறம் அவர் ஓடைப்பக்கம் போகவில்லை. ஒன்பதாம் நாள் சாயங்காலம் நான் குடத்தை எடுத்தேன். பாப்பாவைத் தூக்காமல் படி இறங்கினேன். தண்ணீர் மொண்டபோது பாதிதான் மொண்டேன், ஓட்டமும் நடையுமாகத் திரும்பினேன். அவர் முற்றத்தில் பாப்பாவின் எதிரே தவழ்ந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் குடம் ஏன் பாதியாக இருக்கிறது என்று கேட்டார். தெரிந்துதான் கேட்டார்.

இன்று விடியற்காலை பாஷா பாய் லாரியில் ஏறினேன். சின்னக்குழந்தை நேற்றே வந்து தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள், சாமை அறுப்புக்குப் போகாமல் இருக்கிறேன் என்றாள். வேண்டாம், அவர் பார்த்துக்கொள்வார் என்றேன். சொல்லும்போது என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது. பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள். லாரி கிளம்புகிற நேரத்தில் அவர் ஓடிவந்து, துணியில் சுற்றிய ஒன்றை என் பைக்குள் திணித்தார். பரணில் இருந்த ஆறாவது பாட்டில். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

‘நீயே எடுத்துட்டுப் போய்டு,’ என்றார். ‘இங்க இருந்தா ராத்திரி பூரா நான் அதையே பாத்துகினு இருப்பேன். நான் புள்ளையப் பாக்கணும்.’

யோசித்துப் பார் காந்தா. மதுவிலக்குச் சட்டம் இருக்கிற சீமையில், முத்திரை உடையாத விஸ்கியைப் பையில் வைத்துக்கொண்டு வாத்தியார் வேலைக்கு நேர்முகத்துக்குப் போகிறேன். அடிவாரத்தில் சோதனைச்சாவடி. சந்தனக்கட்டை கடத்துகிறார்களா என்று லாரியைக் குடைகிறார்கள். போலீஸ்காரர் என் பையை விரித்தார். மேலே என் சான்றிதழ்கள். பட்டம் பெற்ற கவுனோடு எடுத்த போட்டோவைப் பார்த்துவிட்டு, டீச்சருங்களா, போங்கம்மா என்று கையெடுத்துக் கும்பிட்டார். அதற்கப்புறம் திருப்பத்தூர் வரை என் பல் தந்தி அடித்தது. பாஷா பாய் குளிர் என்று நினைத்துச் சாக்கு கொடுத்தார்.

நேர்முகத்தில் மூன்று பேர். பை என் காலடியில். சான்றிதழைப் பார்த்தார்கள், மலைப்பிள்ளைகளுக்குக் கணக்கு எப்படித் தொடங்குவேன் என்று கேட்டார்கள். புளியங்கொட்டையில் தொடங்குவேன் என்று விவரமாகச் சொன்னேன். நடுவில் இருந்தவர் காகிதத்தைப் புரட்டி, கைக்குழந்தை இருக்கிறதே அம்மா, நீங்கள் இங்கே இருக்கிறீர்கள், அதை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டார். இந்தக் கேள்வி வரும் என்று ஆனி மாதத்திலிருந்தே தெரியும். ‘அவள் அப்பா’ என்றேன். மாமியார் இல்லையா என்றார். இல்லை, அவள் அப்பா பார்த்துக்கொள்கிறார் என்று மறுபடியும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பக்கத்தில் இருந்த அம்மாள் காகிதத்தில் ஏதோ குறித்துக்கொண்டார். எட்டு நாளில் உத்தரவு வரும் என்றார்கள். நல்ல உத்தரவாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

பாட்டிலை டீச்சர் வீட்டுப் பின்பக்கத்தில் சாக்கடையில் கொட்டினேன். கேட்டால் கஷாயம் என்று சொல்ல நினைத்திருந்தேன். வாசனை வந்திருக்கும், டீச்சர் கேட்கவில்லை. காலிப் பாட்டிலைக் கழுவி, தண்ணீர் கொண்டுபோக நன்றாக இருக்கும் என்று மட்டும் சொன்னார்.

மணி பன்னிரண்டு இருக்கும். பால் கட்டிக்கொண்டு மார் விண்ணென்று வலிக்கிறது. பிழிந்து விட்டும் குறையவில்லை. பாப்பாவுக்கு ஆட்டுப்பாலும் ராகிக் கூழும் பழக்கிவிட்டுத்தான் வந்திருக்கிறேன், பசியில் இருக்கமாட்டாள். ஆனால் தினம் ராத்திரி இரண்டு மணிக்கு ஒருதரம் விழித்து அழுவாள். பசிக்காக அழமாட்டாள். பக்கத்தில் ஆள் இருக்கிறதா என்று கேட்கிற அழுகை அது. தூக்கி இரண்டு தட்டுத் தட்டினால் போதும், தூங்கிவிடுவாள். தூக்கத்தான் வேண்டும்.

அங்கே இப்போது எப்படி இருக்கிறது என்று நினைத்துப் பார்க்கக்கூடாது என்று எழுதிக்கொண்டே இருக்கிறேன். நாளை மத்தியானம் வரை எனக்குத் தெரியப்போவதில்லை.

நீ காளி கோயிலுக்குப் போவாய் அல்லவா? எனக்கு வேலை கிடைக்க வேண்டிக்கொள்ளாதே. அதை நான் பார்த்துக்கொள்வேன். ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு பிள்ளை அழும்போது அதன் தகப்பனுக்கு விழிப்பு வரட்டும் என்று மட்டும் வேண்டிக்கொள். இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் அந்த ராத்திரி முடிந்துபோயிருக்கும். பரவாயில்லை காந்தா, நீ வேண்டிக்கொள்.

உன்,
செந்தாமரை